இருநூற்றுப் பன்னிரண்டாவது சாவு

வீட்டில் ரத்தம் காய்ச்சுவது மக்புலேயின் வேலை. சினிமாக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த சாயம் அவள் புருஷன் நியாஸியின் கழுத்தைப் புண்ணாக்கியதிலிருந்து அவள்தான் புளிப்புச் செர்ரிப் பழத்தைக் கொட்டை நீக்கி, சர்க்கரை போட்டு, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை காய்ச்சி, மருந்துப் புட்டிகளில் அடைத்துத் தருகிறாள். கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் இந்தக் கவலையே இல்லை, கரி கரைத்த தண்ணீர்கூட ரத்தமாகிவிடும். கலர் வந்தபிறகு ஜனங்கள் ரத்தத்தில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிஞ்சிய பாகில் தண்ணீர் கலந்து விருந்தாளிகளுக்கு சர்பத்தாகக் கொடுப்பார்கள். காஸிம்பாஷாவில் அந்தத் தெருவில் நியாஸியின் ரத்தத்தைக் குடிக்காத வீடு கிடையாது.

நியாஸி அதுவரை படங்களில் இருநூற்றுப் பதினோரு தடவை செத்திருந்தார். பைஸாந்தியத் தளபதி, கொள்ளைக் கூட்டத்தில் இரண்டாமவன், முகமூடிக்காரக் கதாநாயகனிடம் உதை வாங்கும் ரகசியச் சங்கத்துப் பூசாரி என்று எல்லாம் சுவரொட்டியில் பெயர் வராத வேடங்கள். மேட்டுக்குப் போனால் பேயோக்லுவில் சினிமாக்காரர்களின் காப்பிக்கடை. அங்கே காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் கம்பெனி ஆள் வாசலில் நின்று, "ரெண்டு கொள்ளைக்காரன், ஒரு பூசாரி! சொந்த பூட்ஸ் உள்ளவன் மட்டும் ஏறு!" என்று கத்துவான். நியாஸிக்கு பூட்ஸ் சொந்தம். காலையில் ஒரு கம்பெனிக்காகக் கோட்டைச் சுவரிலிருந்து விழுவார், மதியம் ரொட்டிக்குள் ஹல்வா வைத்துத் தின்பார், பிற்பகல் அதே பூட்ஸோடு இன்னொரு கம்பெனிக்காகச் சுடப்படுவார். இரண்டு விலா எலும்பு ஒடிந்து கோணலாகக் கூடியிருக்கிறது.

குரல் மட்டும் இரவல். படம் பிடிக்கும்போது மறைவில் நிற்கும் ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுப்பார், நடிகர் வாயசைத்தால் போதும். பிறகு ஸ்டுடியோவில் இடிபோன்ற குரல் உள்ள வேறொருவர் பேசிவிடுவார். நியாஸியின் சொந்தக் குரல் கீச்சென்று மெலிந்தது. அதை எந்தக் கொட்டகையிலும் யாரும் கேட்டதில்லை.

அவர் பெயரைக் கெடுத்தது ஒரே ஒரு படம். அதில் கைக்குழந்தையைக் கிணற்றில் போடுவார். போட்டது துணிப்பொம்மைதான். ஆனால் கோடைக்காலத் திறந்தவெளிக் கொட்டகைகளில் வருடா வருடம் அந்தப் படத்தைப் போட்டார்கள், வருடா வருடம் ஊர்ப் பெண்கள் புதிதாக அவரைச் சபித்தார்கள். காய்கறிக்காரன் தக்காளி நிறுக்க மறுத்தான். பள்ளிக்கூடத்தில் மகள் நெவினின் மேஜைக்குள் துணிப்பொம்மையை நனைத்துப் போட்டுவைத்தார்கள். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு தெருவில் நடந்ததில்லை.

இப்போது நெவினுக்கு இருபத்திரண்டு வயது. காரகோய்ப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப் அடிக்கிறாள். பக்கத்து மேஜைப் பையன் தாரிக் அவளை விரும்பினான். அவன் வீட்டார் அடபஸாரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வருவதாகத் தகவல் வந்தது.

வியாழக்கிழமை மாலை மக்புலே பாகைக் கிளறிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வராங்கல்ல..."

"தெரியும். கோட்டைத் தேய்க்கக் குடுத்துட்டேன். மீசை வேணாம்னா எடுத்துடறேன்."

"மீசை இருக்கட்டும்." அவள் கரண்டியைத் தூக்கிப் பதம் பார்த்தாள். "நீங்க செத்துட்டீங்க."

"என்னது?"

"நெவின் அந்தப் பையன்கிட்ட அப்படிச் சொல்லி வெச்சிருக்கா. ரெண்டு வருஷமாச்சு. கப்பல்ல குமாஸ்தாவா இருந்தாராம், கருங்கடல் புயல்ல போயிட்டாராம்."

நியாஸி சிரிக்கப் பார்த்தார். "பரவால்லையே. கடல்ல நான் இதுவரைக்கும் சாகல."

"சிரிக்காதீங்க. வயிறு எரியுது."

நெவின் அறைக்குள்ளிருந்து வந்து கதவருகே நின்றாள். அழுத கண். ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"வேணும்னு சொல்லலைப்பா. முதல் நாள் 'உங்க அப்பா என்ன செய்யறார்'னு கேட்டான். வாயில வந்துருச்சு. அவன் உடனே கண் கலங்கிட்டான். அதுக்கப்புறம் உங்களை எப்படிப் பிழைக்க வைக்கிறது?"

"அவங்க அம்மா வேற ஒரு மாதிரியாம்," என்றாள் மக்புலே. "மூத்த பையனுக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல காப்பி சிந்திடுச்சுன்னு எழுந்து வந்துட்டாளாம். எல்லாத்துலயும் சகுனம். அப்படிப்பட்டவ முன்னால பிள்ளையைக் கிணத்துல போட்ட ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினா?"

"பொம்மை," என்றார் நியாஸி.

"பொம்மைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

நியாஸி சட்டைப் பையில் கைவிட்டார். அங்கே ஒரு சிவப்பு நாடா சுருட்டி வைத்திருந்தது. கல்யாணத்தன்று பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அப்பா அவள் இடுப்பில் கட்டும் கச்சை. பதினைந்து கடை ஏறி இறங்கி, நல்ல பட்டாகப் பார்த்து வாங்கியிருந்தார். அதைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"கச்சை யாரு கட்டுவா?"

"செகாயி மாமா," என்றாள் நெவின். செகாயி மக்புலேயின் தம்பி, கசாப்புக்கடைக்காரன். "பேச்சும் மாமாதான் பேசுவார்."

"அப்புறமாவது சொல்லுவியா? இவர்தான் எங்கப்பான்னு?"

"சொல்றேன்ப்பா. ஒரு குழந்தை பொறக்கட்டும்."

அவர் தலையாட்டினார். நாடாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? சொன்ன இடத்தில் விழுந்து சாவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில்.

ஞாயிற்றுக்கிழமை தெற்கத்திக் காற்று அடித்தது. அந்தக் காற்று அடித்தால் ஊரே தலைவலி பிடித்துத் திரியும். புகைக்கூண்டுகளின் கரிப்புகை மேலே போகாமல் தெருவுக்கே திரும்பி வரும், கூடவே மழையும். மக்புலே காலையிலிருந்து தரையைத் தேய்த்தாள், அடுக்கு ரொட்டிக்கு மாவு திரட்டினாள், சுவரிலிருந்த சினிமாப் படங்களையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். செகாயி ஒரு யோசனை சொன்னான். செத்தவர் என்றால் ஒரு படமாவது வேண்டாமா? நியாஸி இருபது வயதில் கடற்படைச் சேவையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. மீசையில்லாமல், மாலுமித் தொப்பியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். அதற்குக் கறுப்பு நாடா கட்டி நடுச்சுவரில் மாட்டினார்கள். ஆணி அடித்தது நியாஸிதான், செகாயிக்குக் கை எட்டவில்லை.

"மச்சான், மேட்டுக் காப்பிக்கடைக்குப் போயிடுங்க," என்றான் செகாயி. "ஆறு மணி வரைக்கும் இந்தத் தெருப்பக்கம் தலை காட்டாதீங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன்."

நியாஸி பாதி மேடு ஏறினார். அங்கே நின்றார். எவன் வீட்டுக்குப் பெண் போகப்போகிறது என்று ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. திரும்பி வந்து தெருமுனையில் ரஜப்பின் டீக்கடையில் அடுப்போரமாக உட்கார்ந்தார். புத்தி கெட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

"நீ செத்துட்டேன்னு உன் மச்சான் சொல்லிட்டுப் போனான்," என்றான் ரஜப். "டீயை யாருக்குக் குடுக்கறது நான்? உன் பேரைச் சொல்லி ஏழைக்குக் குடுத்துடவா?"

"குடு. ஏழை நான்தான்."

மூன்று மணிக்கு மழையில் நனைந்த மூன்று பேர் கடைவாசலில் ஒதுங்கினார்கள். முன்னால் குடையோடு வந்தவர் பெருத்த உடம்பும் சிவந்த முகமுமாக இருந்தார். அடபஸாரியில் ஆணியும் கதவுக்கீலும் விற்கும் தாரிக்கின் அப்பா ஹுலூசி அவர்தான் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பின்னால் மனைவி ஃபிக்ரியே, பூங்கொத்தும் சாக்லேட் பெட்டியுமாக ஒல்லியான பையன்.

"அண்ணே, கப்பல்காரர் வீடு எது? மக்புலே அம்மா வீடு?"

கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ரஜப் அடுப்பை ஊதத் திரும்பிக்கொண்டான். பையன் நனைகிறானே என்ற பதைப்பில் நியாஸியே கை நீட்டிவிட்டார். "அந்தப் பச்சைக் கதவுங்க."

ஹுலூசி கதவைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"அடப்பாவி!" என்று கத்தினார். "ஃபிக்ரியே, இங்க பாரு! நம்ம கிணத்துக்காரன்!"

ஃபிக்ரியே ஓரடி பின்வாங்கி, தீட்டுப் படாமலிருக்க ஏதோ முணுமுணுத்துத் தோளின்மேல் ஊதிக்கொண்டாள்.

"உன்னால எங்க வீட்டுல ஒரு செருப்பு போச்சு தெரியுமா?" ஹுலூசி நியாஸியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "இவ திரையைப் பாத்து எறிஞ்சா, திரும்பக் கிடைக்கவேயில்லை. அந்தப் படம் நான் பதினோரு வாட்டி பாத்தேன். கதாநாயகனுக்காகப் போறவன் போகட்டும், நான் உனக்காகப் போறவன். உன்னை மாதிரி சாகறதுக்கு இந்த நாட்டுல ஆள் கிடையாது. 'கிணறு ஆழம்தானே?'ன்னு கேப்பியே, அதை ஒரு தடவை சொல்லு!"

"அது வேற ஒருத்தர் குரலுங்க. எனக்கு..."

அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டு ஹுலூசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குரல்கூட சொந்தம் கிடையாதா? கோழி மாதிரியில்ல பேசறே! வா, எந்திரி. சம்பந்தி வீட்டுக்கு வா. இன்னிக்கு என் பையனுக்கு நல்ல நாள், உன்னைப் பாத்தது எனக்கு நல்ல நாள்."

"நான் எதுக்குங்க அங்க? நீங்க..."

"அட வாய்யா! கொல்லப் போற மாதிரி பயப்படறே!"

அந்தக் கை கதவுக்கீல் முறுக்கிய கை. இழுத்தால் போய்த்தான் ஆகவேண்டும். இப்படியாக நியாஸி தன் பெண்ணைப் பெண் கேட்க வந்தவர்களோடு தன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார்.

கதவைத் திறந்த மக்புலேயின் முகம் வெளுத்துப்போனது. ஹுலூசி அதைக் கண்டு இன்னும் குஷியானார். "பயப்படாதீங்கம்மா, நிஜத்துல கடிக்க மாட்டான்! உங்க தெருமுனையில புடிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"பாத்திருக்கேன்," என்றாள் மக்புலே. இருபத்தாறு வருடம் பார்த்தவள்.

உட்காரவைத்தார்கள். நியாஸிக்குக் கிடைத்தது கதவோர நாற்காலி, நேர் எதிரே அவருடைய படம். ஹுலூசி அதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பாவம், சின்ன வயசு. வாங்க, எல்லாரும் அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிடுவோம். நீயும்தான் கையைத் தூக்குய்யா, உனக்கும் புண்ணியம் வரட்டும்." எல்லாரும் கைகளை ஏந்தினார்கள். நியாஸியும் ஏந்தினார், முழுதாக ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார். மக்புலே தலைத்துண்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபிக்ரியே அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

நெவின் வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், பார்க்காததுபோல் குனிந்தாள். பெரியவர்கள் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு வரிசையாக வந்தாள். ஹுலூசி, ஃபிக்ரியே, செகாயி மாமா, அம்மா. கதவோர நாற்காலிக்கு வந்தபோது நியாஸியின் கை தானாக முழங்காலைவிட்டு எழுந்தது.

"அந்தக் கை வேணாம்மா!" என்றாள் ஃபிக்ரியே. "பச்சைக் குழந்தையைக் கிணத்துல போட்ட கை. இன்னிக்கு அதைத் தொடாதே."

எல்லாரும் சிரித்தார்கள். தாரிக்கும் சிரித்தான். நெவினும் கொஞ்சம் சிரித்துவிட்டு, தாண்டிப் போனாள். கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கியது.

பிறகு காப்பி. பெண் கையால் போட்ட காப்பியில் மாப்பிள்ளை கோப்பைக்கு மட்டும் உப்பு போடுவது வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்தால் பெண்ணின் கஷ்டத்தையும் அப்படிக் குடிப்பான் என்று கணக்கு. நெவின் தட்டில் வலது மூலைக் கோப்பையில் உப்பு போட்டிருந்தாள், குறைவாக இல்லை. தட்டோடு அவள் உள்ளே வந்து குனிவதற்குள் ஹுலூசி எழுந்து கையை நீட்டினார்.

"முதல்ல நம்ம கொள்ளைக்காரனுக்கு!" என்று அந்த மூலைக் கோப்பையை எடுத்து நியாஸியின் கையில் திணித்தார்.

நெவின் தட்டைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்து ஃபிக்ரியேயைப் பார்த்தாள். காப்பி சிந்தியதற்கே எழுந்து போனவள். மகனுடைய உப்பு இன்னொருவன் வாயில், அதுவும் இந்த வாயில் போனது தெரிந்தால் உட்கார்ந்திருப்பாளா? நெவின் வேறொரு கோப்பையைத் தாரிக் பக்கம் திருப்பினாள்.

நியாஸி ஒரு வாய் குடித்தார். நாக்கில் உப்புக் கரித்தது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார், புரிந்துகொண்டார். குடித்தார். இருநூற்றுப் பதினோரு படத்தில் முகத்தைக் கோணிக் கோணிச் சம்பாதித்தவர், அன்று ஒரு நரம்பை அசைக்காமல் அடிமண்டிவரை குடித்தார். "கைக்கு ஆரோக்கியம்மா," என்று காப்பி போட்ட கையை வாழ்த்திக் கோப்பையை வைத்தார். மனதுக்குள் ஒரு சின்ன கர்வம்கூட வந்தது, அவள் பார்த்துவிட்டாள் என்று.

தாரிக் தன் சர்க்கரைக் காப்பியைக் குடித்தான். உப்பு இருக்கும் என்று அவனுக்கு ஊரே சொல்லி அனுப்பியிருந்தது. இல்லையென்றதும் எல்லார் முகத்தையும் பார்த்தான். கண்ணை உருட்டினான், தொண்டையைப் பிடித்தான், ஐயோ என்றான், அப்புறம் வீரனைப்போல ஒரே மடக்கில் குடித்தான். ஃபிக்ரியே பெருமையோடு கை தட்டினாள். நியாஸி தொழில்காரர், பார்த்ததும் சொல்லிவிடுவார். ரொம்ப மட்டமான நடிப்பு. அவன் பொய் சொல்கிறான் என்பது அந்த அறையில் இரண்டே பேருக்குத் தெரிந்தது, அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஹுலூசி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "செகாயி ஐயா, தகப்பன் இடத்துல நீங்க இருக்கீங்க. அல்லாஹ்வின் கட்டளைப்படி, நபியின் சொற்படி, உங்க பொண்ணு நெவினை எங்க பையன் தாரிக்குக்குக் கேக்கறோம்."

செகாயி வாயைத் திறந்தான். ஒரு வாரமாகக் கசாப்புக்கடையில் எலும்பு வெட்டிக்கொண்டே மனப்பாடம் செய்த பதில். கண் போய் மச்சான்மேல் நின்றது. வார்த்தை வரவில்லை. ஜன்னலைக் காற்று தட்டியது. ஃபிக்ரியே புருவத்தைத் தூக்கிப் பூங்கொத்தைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்பதுபோல.

நியாஸி குனிந்து பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்தார். படப்பிடிப்பில் மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர்கள் பேசும் குரலில், உதடு அசையாமல், செகாயிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "சின்னஞ்சிறுசுங்க மனசு ஒத்துப்போச்சு..."

"சின்னஞ்சிறுசுங்க மனசு ஒத்துப்போச்சு," என்றான் செகாயி.

"நாங்க சொல்ல என்ன இருக்கு..."

"நாங்க சொல்ல என்ன இருக்கு."

"குடுத்தோம்."

செகாயியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "குடுத்தோம்," என்றான்.

ஆக, கொடுத்தவர் அப்பாதான். எந்தப் படத்திலும் வராத அந்தக் கீச்சுக் குரலால்தான் கொடுத்தார். செகாயியைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், மோதிரம் போட்டார்கள். மக்புலே செர்ரி சர்பத்தைக் கொண்டுவந்தாள். ஹுலூசிக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. கைக்குட்டையை மூக்குக்குமேல் கட்டிக்கொண்டு முகமூடிக்காரனாகிவிட்டார். மூலையிலிருந்த குடையை உருவினார்.

"எந்திரிடா கொலைகாரா! குழந்தைக்குப் பதில் சொல்லு!"

"வேணாங்க, பெரியவரே," என்றான் செகாயி.

"அட, நல்ல நாள்ல ஒரு வேடிக்கை! எங்கே, ஒரு தடவை சாகட்டும்!"

நியாஸி நெவினைப் பார்த்தார். அவள் சின்னதாகத் தலையசைத்தாள். சீக்கிரம் முடியட்டும் என்று.

அவர் சர்பத்தை ஒரு வாய் நிறைய எடுத்துக்கொண்டு எழுந்தார். குடைமுனை கோணல் விலாவிலேயே குத்தியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கண் முதலில் ஆச்சரியப்பட்டது, பிறகு பயந்தது, பிறகு யாரையோ தேடியது. முழங்கால் மடிந்தது. வாயோரத்தில் சிவப்பு வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. தன் படத்துக்குக் கீழே, மக்புலே காலையில் தேய்த்த தரையில் மல்லாந்தார். ஒரு கால் இரண்டு தடவை உதறி நின்றது. ஃபிக்ரியே வீறிட்டாள். பிறகு எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். "செத்துத் தொலைஞ்சான்!" என்றாள் மனசு குளிர.

நியாஸி கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. கீழே கிடப்பது சுகமாக இருந்தது.

"கல்யாணத்துக்கு நீ வந்தே ஆகணும்!" ஹுலூசி அவரைத் தூக்கி நிறுத்தினார். "மண்டபத்துல முந்நூறு பேர் முன்னால இதைச் செய்யணும். எங்க ஊர்ல ஒரு கல்யாணத்துலயும் இப்படி நடந்திருக்காது. மருமகளே, நீயும் கூப்பிடும்மா, பொண்ணு கூப்பிட்டா மறுக்க மாட்டான்."

நெவின் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவசியம் வாங்க ஐயா."

அவர்களோடேயே வெளியேறி, டீக்கடையில் ஆறு மணிவரை உட்கார்ந்துவிட்டு நியாஸி வீட்டுக்குத் திரும்பினார். மக்புலே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செகாயி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தான். நெவின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூலைக் கோப்பையை மட்டும் கழுவாமல் தனியாக வைத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இப்போது ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். அன்று பூராவும் பட்டதற்கு அந்த ஒரு சொல் போதும்.

"நல்லவேளைப்பா, உப்புக்கு முகம் சுளிக்கலை," என்றாள் நெவின். "சுளிச்சிருந்தா அந்தம்மா எழுந்து போயிருப்பாங்க."

"ம்."

"நாடாவை செகாயி மாமாகிட்ட குடுத்துட்டேன்."

"ம்."

"அப்பா..." அவள் அந்தக் கோப்பையை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். "குழந்தை பொறந்தப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல? அது இனிமே முடியாதுப்பா. இன்னிக்கு உங்களை எல்லார் முன்னாலயும் தெரியாதவர்னு சொல்லிட்டோம். இனி சொன்னா நாங்க எல்லாரும் பொய்யங்கன்னு ஆயிடும்."

மக்புலே துடைப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். படம் இன்னும் அங்கேயே இருந்தது. யாரும் கறுப்பு நாடாவை அவிழ்க்கவில்லை.

"சரிம்மா," என்றார் நியாஸி. சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். செர்ரிக் கறை காய்ந்து மார்மயிரோடு ஒட்டியிருந்தது, இழுக்கும்போது வலித்தது. "கல்யாணத்துக்கு வரவா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

"வாங்க. வரலைன்னா மாமனார் தேடுவார்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி, அவர் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"ஆனா அன்னிக்கு ரத்தம் வேணாம்ப்பா. என் உடுப்பு வெள்ளை. சும்மா செத்துடுங்க."